பிளவுபட்ட மக்களிடையே நம்பிக்கையை மீண்டும் கட்டுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

சண்டை ஓய்ந்த இடங்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. இரு தரப்புப் பெரியவர்களையும் ஒரே மேடையில் உட்கார வைக்கிறார்கள். ஒற்றுமையைப் பற்றி நாலு பேர் பேசுகிறார்கள். கை குலுக்குகிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். எதிரில் வந்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பொதுக்காரியம் என்றால் ஒரு தரப்பு ஒதுங்கிக்கொள்கிறது. சின்ன உரசல்கூட ஊர்ப் பிரச்சினையாகிவிடுகிறது.

மேடையில் பேசியவர்கள் மனதில் பொய் இருந்திருக்க வேண்டியதில்லை. கடைசியில் வர வேண்டியதை முதலில் கேட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். எதிர்த்தரப்பு சொன்னதைச் செய்கிறதா என்று பலமுறை கண்ணால் பார்த்த பிறகே மனிதர்களுக்கு நம்பிக்கை வரும். அதனால், யாரையும் நம்பச் சொல்லிக் கேட்காமல், நம்பாதவரும் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய காரியங்களிலிருந்து தொடங்குங்கள். இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு கருத்திலிருந்து கிளைத்தவை.

கிராமம், தெரு, அடுக்குமாடிக் குடியிருப்பு, சங்கம், பள்ளிப் பெற்றோர் குழு என்று எங்கே உறவு அறுந்திருந்தாலும் இது பொருந்தும். அதை ஒட்டவைக்க நினைப்பவர் தலைவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி

இப்போது யாருக்காவது உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருக்கிறதா? மிரட்டல், தாக்குதல், ஒதுக்கிவைத்தல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா? ஆம் என்றால் நல்லிணக்க வேலையைத் தள்ளிவையுங்கள். முதலில் பாதுகாப்பு, சட்ட உதவி, புகார். அடி வாங்கிக்கொண்டிருப்பவரிடம் போய் ‘கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்’ என்று சொல்வது அடிப்பவருக்குச் செய்யும் உதவி. நல்ல எண்ணத்தோடு வருகிறவர்கள்கூட இதைச் செய்துவிடுகிறார்கள் என்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

படி 1: கூட்டம் போடாதீர்கள், தனித்தனியாகக் கேளுங்கள்

எடுத்த எடுப்பில் பொதுக்கூட்டம் கூட்டினால் சத்தமாகப் பேசுகிறவர்கள் பேசுவார்கள், காயப்பட்டவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். தன் தரப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் இறங்கி வந்து பேச மாட்டார்கள். ஆகவே முதல் சில வாரங்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பாருங்கள். இருபது, முப்பது பேரையாவது சந்தித்துவிடுங்கள். இரு தரப்பும் ஏறக்குறைய சம அளவில் இருக்கட்டும். தலைவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் பெண்கள், இளைஞர்கள், வயதானவர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள், எதிலும் கலந்துகொள்ளாமல் ஒதுங்கியே இருப்பவர்கள் எல்லோரையும் பாருங்கள்.

என்ன கேட்பது? ‘உங்களுக்கும் அவர்களுக்கும் என்ன பிரச்சினை?’ என்று தொடங்கினால் ஏற்கெனவே நூறு முறை சொன்ன கதையே திரும்ப வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

‘முன்பு இங்கே எல்லோரும் சேர்ந்து செய்த காரியம் ஏதாவது நினைவிருக்கிறதா? எப்போது நின்றுபோனது?’

‘அந்தப் பக்கம் நீங்கள் இன்னும் மதிக்கிற ஆள் யாராவது இருக்கிறாரா?’

‘அவர்கள் என்ன செய்தால் உங்கள் பயம் கொஞ்சம் குறையும்?’

மூன்றாவது கேள்விதான் முக்கியம். பதில் பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடச் சின்னதாக இருக்கும். வழியில் வண்டியைக் குறுக்கே நிறுத்தாமல் இருக்கட்டும், கணக்கைக் காட்டட்டும், எங்கள் பிள்ளைகளைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இருக்கட்டும் என்பார்கள். இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது படியில் வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வரும் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் மதிக்கும் ஆட்கள் எல்லா இடத்திலும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், செவிலியராக இருக்கலாம், இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுக்கும் ஒரு விளையாட்டுக்காரராகவும் இருக்கலாம். பதவி எதுவும் இல்லாததால் கண்ணில் படுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. ஒரு பக்கம் கேட்டதை மறுபக்கம் சொல்லவே கூடாது, நல்லதாக இருந்தாலும். ஒருமுறை கசிந்தால் அதோடு உங்கள் வேலை முடிந்தது.

படி 2: எது உடைந்திருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாப் பிளவும் ஒன்றல்ல. மருந்தும் ஒன்றல்ல.

சில இடங்களில் பகையே இருக்காது, பழக்கம்தான் இருக்காது. கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் வாழ்வார்கள். பார்க்கச் சாதுவாகத் தெரிந்தாலும் இதுவும் ஆபத்துதான். 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் அடித்த வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தனியாக வசித்த முதியவர்கள் அதில் ஏராளம். சமூகவியலாளர் எரிக் கிளினென்பர்க் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஏழைப் பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் தனியாக வாழ்ந்த முதியோர் ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் ஆள்நடமாட்டமும் கடைகளும் நிறைந்த தெருக்கள் இருந்த பகுதியில் சாவு மிகக் குறைவு. வீடுகள் பாழடைந்து, வெளியே வரவே பயந்த பகுதியில் மிக அதிகம். இப்படிப்பட்ட இடத்துக்குச் சமரசப் பேச்சு எதற்கு? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக் காரணமும் இடமும் அமைத்துக் கொடுத்தால் போதும்.

வேறு சில இடங்களில் வாக்கு தவறியிருக்கும். பொதுப்பணம் எங்கே போனது என்று தெரியாது, தேர்தலில் தில்லுமுல்லு, பாதியில் கைவிட்ட வேலை. அங்கே கணக்கும் விதிமுறையும்தான் மருந்து.

மூன்றாவது, ரத்தம் சிந்திய இடம். அங்கே உண்மை, பொறுப்பேற்பு, இழப்பீடு எல்லாம் வேண்டும். அவசரப்படவே கூடாது.

நான்காவதைத்தான் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்கிறோம். ஒரு தரப்பு நெடுங்காலமாக மேலே, மறு தரப்பு கீழே. மேலே இருப்பவர்கள் ‘முன்பெல்லாம் ஒற்றுமையாகத்தானே இருந்தோம், இப்போது யாரோ வந்து கெடுத்துவிட்டார்கள்’ என்பார்கள். கீழே இருந்தவர்களைக் கேட்டால் அந்தப் பழைய ஒற்றுமையில் தாங்கள் வாய் மூடிக் கிடந்ததைச் சொல்வார்கள். இதைத் தவறான புரிதல் என்று நினைத்து, ‘இரு தரப்பும் உட்கார்ந்து பேசினால் சரியாகிவிடும்’ என்று இறங்கினால், பேச்சின் முடிவில் எல்லாம் முன்பு போலவே இருக்கும். இங்கே நிலைமை மாற வேண்டும். பொது இடத்தில் சம உரிமை, முடிவெடுப்பதில் சமப் பங்கு, பொதுச்சொத்தில் சமப் பயன். உரிமையை ஒப்புக்கொண்ட பிறகுதான் உறவைப் பற்றிப் பேச முடியும்.

உங்கள் இடத்தில் இவற்றில் இரண்டு மூன்று கலந்தும் இருக்கலாம். அப்படியானால் கனமானதற்கு ஏற்ப நடந்துகொள்ளுங்கள்.

படி 3: சின்னக் குழு ஒன்று

ஆறு முதல் பத்துப் பேர் போதும். முதல் படியில் கிடைத்த பெயர்களிலிருந்து ஆட்களைக் கூப்பிடுங்கள். இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை. பெண்கள் பேருக்கு ஒருவர் என்று இல்லாமல் பாதியாவது இருக்கட்டும். மிகத் தீவிரமான ஆட்களை முதல் நாளே சேர்க்க வேண்டாம், ஆனால் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். மறைத்துச் செய்ததாகப் பேச்சு வந்தால் சமாளிப்பது கடினம்.

கூடும் இடம் எந்தத் தரப்புக்கும் சொந்தமில்லாததாக இருக்க வேண்டும். பேசியதை எழுதி, அன்றே எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். தலைமை ஒவ்வொரு கூட்டத்துக்கும் மாறட்டும். இந்த வேலையில் பாதி இந்த மாதிரிச் சலிப்பூட்டும் ஒழுங்குதான். உணர்ச்சிகரமான தருணங்கள் தாமாக வரும்போது வரட்டும்.

படி 4: சின்ன வாக்கு, குறித்த தேதி, எல்லோர் கண்ணிலும் படும் கணக்கு

முதல் படியில் எழுதி வைத்த சின்னக் கோரிக்கைகளை இப்போது எடுங்கள். ஒவ்வொரு தரப்பும் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். செலவில்லாமலோ குறைந்த செலவிலோ, இரண்டு வாரத்துக்குள் செய்து முடிக்கக்கூடியதாக, செய்தார்களா இல்லையா என்று எவரும் போய்ப் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ‘மரியாதையாக நடந்துகொள்வோம்’ என்பது சரிவராது, அதை யார் அளப்பது? ‘பதினைந்தாம் தேதிக்குள் பாதையில் கிடக்கும் கற்களை அகற்றுவோம்’ என்றால் சரி.

தேதி வந்ததும் குழுவில் இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். செய்திருந்தால் அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். செய்யாவிட்டால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். அப்புறம் அடுத்த சுற்று. வாக்கு கொஞ்சம் பெரிதாகலாம். மூன்று, நான்கு சுற்று போன பிறகு பேச்சின் தொனியே மாறுவதைக் கவனிப்பீர்கள். ‘அவர்கள் செய்ய மாட்டார்கள்’ என்றவர்கள் ‘செய்வார்கள், கொஞ்சம் தாமதமாகும்’ என்று சொல்லத் தொடங்கினால் அது பெரிய முன்னேற்றம்.

பணம் சம்பந்தப்பட்டிருந்தால் இன்னும் கறாராக இருங்கள். ஒரு நோட்டு. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. ஒவ்வொரு வரிக்கும் தேதி, தொகை, காரணம், ரசீது எண். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு கையெழுத்து. மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புங்கள், பலகையிலும் ஒட்டுங்கள். தொகை எவ்வளவு சின்னதானாலும் சரி. வங்கிக் கணக்கு இருந்தால் இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள்.

இப்படிச் செய்தால் சந்தேகப்படுவது போல ஆகாதா என்று சிலர் வருத்தப்படுவார்கள். எலினார் ஆஸ்ட்ரமின் ஆய்வு இதற்கு நல்ல பதில். பாசன வாய்க்கால், மேய்ச்சல் நிலம், காடு, மீன்பிடிப் பகுதி போன்ற பொதுச்சொத்துகளை நெடுங்காலம் கெடாமல் காத்த சமூகங்களை உலகெங்கும் ஆராய்ந்து, 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். அந்தச் சமூகங்களில் அவர் கண்ட பொது அம்சங்கள் சில: சொத்தைப் பயன்படுத்துபவர்களே விதியை வகுக்கிறார்கள், அவர்களுக்குப் பொறுப்பானவர்களே கண்காணிக்கிறார்கள், மீறினால் முதலில் லேசான தண்டனை, திரும்பத் திரும்ப மீறினால் கடுமையானது, தகராறைத் தீர்க்கச் செலவில்லாத பக்கத்து ஏற்பாடு ஒன்றும் இருக்கிறது. நல்ல உறவோடு வாழ்ந்தவர்களிடமும் கண்காணிப்பு இருந்திருக்கிறது. கணக்கு திறந்து கிடந்தால் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

படி 5: இரு தரப்பும் சேராமல் முடியாத ஒரு வேலை

1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர், ஏறத்தாழ 11 வயதுள்ள 22 சிறுவர்களை முகாம் ஒன்றில் இரண்டு அணிகளாகப் பிரித்தார். போட்டிகள் வைத்ததும் அணிகளுக்கிடையே பகை மூண்டது. ஒரே கூடத்தில் சாப்பிட வைத்தும் சினிமா பார்க்க வைத்தும் பகை குறையவில்லை, சாப்பாட்டை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றபோது சேர்ந்து தேட வேண்டியிருந்தது. நின்றுபோன லாரியைக் கயிறு கட்டி எல்லோரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. இப்படிப் பல வேலைகளுக்குப் பிறகுதான் பகை தணிந்தது. இந்தச் சிக்கல்களை ஆய்வாளர்களே திட்டமிட்டு உண்டாக்கினார்கள், அதன் மீது நியாயமான விமர்சனங்கள் உண்டு. இருந்தாலும் ஒன்று தெளிவு. சும்மா ஒன்றாக உட்கார வைப்பதால் எதுவும் ஆகிவிடாது.

அதே 1954இல் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர், இரு குழுக்கள் பழகினால் வெறுப்பு குறைய நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்றார். அந்தச் சூழலில் இருவரும் சமமாக இருக்க வேண்டும், நோக்கம் பொதுவானதாக இருக்க வேண்டும், போட்டியில்லாத ஒத்துழைப்பு வேண்டும், நிர்வாகமோ சட்டமோ வழக்கமோ அதை ஆதரிக்க வேண்டும். உங்கள் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த நான்கையும் சரிபாருங்கள். ஒரு தரப்பு திட்டம் போட்டு மறு தரப்பு மண் சுமந்தால் முதல் நிபந்தனையிலேயே அடிபட்டுப்போகும்.

நீர்நிலையைத் தூர்வாருதல், பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, வெள்ளத்துக்கு முன்னேற்பாடு, பாதுகாப்பான சாலைக் கடவைக்கு மனுப் போடுதல் என்று எதுவாகவும் இருக்கலாம். யாருக்கும் வெற்றி தோல்வி இல்லாததாக, பலன் இரு தரப்புக்கும் பிரிக்க முடியாமல் கிடைப்பதாக இருந்தால் நல்லது. வேலைக் குழுக்களைக் கலந்து போடுங்கள். ‘உங்கள் ஆட்கள் வடக்குப் பக்கம், எங்கள் ஆட்கள் தெற்குப் பக்கம்’ என்று பிரித்துக்கொண்டால் ஒரே இடத்தில் இரண்டு வேலை நடந்ததாகவே கணக்கு.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஐஎஸ் தீவிரவாத அமைப்பால் விரட்டப்பட்ட ஈராக் கிறிஸ்தவர்களுக்காகக் கால்பந்துப் போட்டித் தொடர் ஒன்றை நடத்தி, சில அணிகளில் மட்டும் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து ஆராய்ந்தார் சல்மா மூசா. 2020இல் முடிவு வெளியானது. கலப்பு அணியில் ஆடியவர்கள் அடுத்த பருவத்திலும் கலப்பு அணிக்குப் பெயர் கொடுத்தார்கள், மாதங்கள் கழித்தும் முஸ்லிம் வீரர்களோடு பயிற்சி செய்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே முன்பின் தெரியாத முஸ்லிம்களோடு பழகுவதில் பெரிய மாற்றம் வரவில்லை. சேர்ந்து வேலை செய்தவர்கள் நெருங்குவார்கள், அந்த நெருக்கம் மற்றவர்களுக்குத் தானாகப் பரவாது. ஆகவே ஒரே ஒரு பெரிய நிகழ்ச்சிக்கு எல்லாச் சக்தியையும் கொட்டாதீர்கள். சின்னச் சின்னதாகப் பல வேலைகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆட்கள், வருடம் முழுக்க.

படி 6: நடந்ததைப் பற்றிப் பேசுவது

சேர்ந்து வேலை செய்த பழக்கம் வந்த பிறகு பழைய காயத்தைத் தொடலாம். தொடாமலே விட்டுவிட ஆசையாக இருக்கும். ‘ஆறிப்போனதைக் கிளற வேண்டாம்’ என்பார்கள். ஆறியதா என்று காயப்பட்டவரைத்தான் கேட்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்பவருக்கு உதவுங்கள். என்ன செய்தோம் என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும், அதனால் யாருக்கு என்ன இழப்பு என்று சொல்ல வேண்டும், சமாதானம் சொல்லக் கூடாது, ஈடாக என்ன செய்யப்போகிறோம் என்று தேதியோடு சொல்ல வேண்டும். ‘யார் மனதாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்’ என்பதை எழுதி வந்தால் திருப்பி அனுப்புங்கள், அது புண்ணைப் பெரிதாக்கும். ‘அன்று இரவு எங்கள் ஆட்கள்தான் உங்கள் வீடுகளைத் தாக்கினார்கள். தடுக்க முடிந்தும் நாங்கள் தடுக்கவில்லை’ என்று தொடங்கினால் கேட்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

மன்னிக்கும்படி யாரையும் நெருக்காதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் சியெரா லியோனில் உள்நாட்டுப் போர் 1991 முதல் 2002 வரை நடந்தது. போர் முடிந்த பிறகு பல கிராமங்களில் பாதிக்கப்பட்டவர்களும் குற்றம் செய்தவர்களும் ஊர் முன்னால் பேசும் நல்லிணக்கக் கூட்டங்கள் நடந்தன. 200 கிராமங்களில் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. கூட்டம் நடந்த ஊர்களில் மன்னிக்கும் மனம் கூடியது, நட்பு வட்டம் பெரிதானது, பொதுக்காரியத்துக்கு உழைப்பும் பணமும் அதிகம் கிடைத்தது. அதே ஊர்களில் மனச்சோர்வும் பதற்றமும் பழைய நினைவுகளின் வாதையும் கூடின. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வரை இது தெரிந்தது. ஊருக்குக் கிடைத்த நன்மைக்குத் தனிமனிதர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

இதைப் படித்தபின் ஒரே நாளில் கூட்டம் வைத்து அழவைத்து அனுப்பும் நிகழ்ச்சிகளை என்னால் ஏற்க முடியவில்லை. பேச விரும்புகிறவர் மட்டும் பேசட்டும். முந்தின நாளே அவரோடு உட்கார்ந்து எதைச் சொல்ல விரும்புகிறார், எதைச் சொல்ல வேண்டாம் என்று பேசி முடிவுசெய்யுங்கள். அருகில் அவருடைய ஆள் ஒருவர் இருக்கட்டும். மறுநாளும் அடுத்த வாரமும் அடுத்த மாதமும் யார் போய்ப் பார்ப்பார் என்று முன்பே பெயர் எழுதிவிடுங்கள். மனநல உதவி கிடைக்கும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். இவை தயாராகவில்லை என்றால் கூட்டத்தைத் தள்ளிப்போடுங்கள்.

படி 7: வதந்திக்கு முன்னேற்பாடு

பல மாத உழைப்பை ஒரு வாட்ஸ்அப் செய்தி ஒரே இரவில் கவிழ்த்துவிடும். மகாராஷ்டிரத்தின் பிவண்டி நகரில் 1970, 1984 ஆண்டுகளில் பெரும் மதக்கலவரங்கள் நடந்தன. 1988இல் அங்கே பொறுப்பேற்ற காவல் அதிகாரி சுரேஷ் கோபடே, இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்த மொகல்லா கமிட்டிகளை, அதாவது குடியிருப்புப் பகுதிக் குழுக்களை, பகுதிவாரியாக அமைத்தார். அமைதியான காலத்திலேயே அவை தொடர்ந்து கூடின. 1992-93இல் பக்கத்திலிருந்த மும்பை எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. இந்தியாவின் ஆறு நகரங்களை ஆராய்ந்த அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்னேயும் இதையொட்டிய முடிவுக்கே வந்தார். கிராமத்தில் அன்றாடப் பழக்கம் ஓரளவு தாங்கும். நகரத்தில் இரு தரப்பும் கலந்த சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இருந்தால்தான் அமைதி நிலைக்கும்.

உங்கள் அளவில் இதற்கு மூன்று ஏற்பாடு போதும். இரு தரப்பிலிருந்தும் இரண்டிரண்டு பேரின் எண்கள் எல்லோரிடமும் இருக்க வேண்டும். சந்தேகமான செய்தி வந்தால் எந்த நேரமானாலும் அவர்கள் ஒருவரை ஒருவர் அழைக்க வேண்டும், முடிந்தால் சம்பவ இடத்துக்குச் சேர்ந்தே போக வேண்டும். பார்த்ததை இருவர் பெயரும் போட்டு ஒரே செய்தியாக இரு பக்கமும் அனுப்ப வேண்டும். நடந்தது உண்மை என்றால் உண்மை என்றே எழுதுங்கள், கூடவே என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும். ஒருமுறை மறைத்துவிட்டால் அடுத்த முறை நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

படி 8: ஆட்களை விட்டு ஏற்பாட்டில் நிற்கட்டும்

நல்ல மனிதர் ஒருவரை நம்பி நடப்பது அவர் ஊர் மாறினால் நின்றுவிடும். பொறுப்புகளுக்குக் காலவரம்பு வையுங்கள். புதியவர் பழையவரோடு சில மாதங்கள் சேர்ந்து வேலை பார்த்த பிறகு கைமாற்றுங்கள். தகராறு வந்தால் யாரிடம் போவது, எத்தனை நாளில் பதில், திருப்தி இல்லையென்றால் அடுத்து எங்கே என்பதை ஒரே பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

முன்னேற்றத்தை அளக்கக் கருத்துக்கணிப்பு தேவையில்லை. நடத்தையைப் பாருங்கள். கூட்டத்தில் இரு தரப்பும் கலந்து உட்காருகிறார்களா? அவசரத்துக்கு மறுபக்கத்து ஆளைக் கூப்பிட்டது நடந்திருக்கிறதா? ஒருவர் தன் தரப்பின் தவறைத் தன் ஆட்கள் முன்னாலேயே சொல்கிறாரா? முன்பு வாய் திறக்காதவர்கள் இப்போது எதிர்த்துப் பேசுகிறார்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் சிலர் இதைப் பின்னடைவு என்பார்கள். எனக்கு அது மிக நல்ல அறிகுறியாகப் படுகிறது. பயம் இருக்கும் இடத்தில் யாரும் வெளிப்படையாகச் சண்டை போட மாட்டார்கள்.

மறுபடி உடைந்தால்

உடையும். யாரோ அடித்துவிடுவார்கள், யாரோ பணத்தில் கைவைப்பார்கள், தேர்தல் வரும். அப்போது முதல் இரண்டு நாட்கள்தான் முக்கியம். குழு அன்றே கூடட்டும், முடிவு எதுவும் எடுக்க முடியாவிட்டாலும் கூடினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியட்டும். தவறு செய்த ஆளின் தரப்பிலிருந்தே முதல் கண்டனம் வர வேண்டும். இதை அமைதியான காலத்திலேயே பேசி எழுதி வைத்திருந்தால், அந்த நேரத்தில் யாரும் தன் ஆட்களைக் காட்டிக்கொடுத்ததாக ஆகாது. பாதிக்கப்பட்ட வீட்டுக்கு இரு தரப்பும் சேர்ந்து போங்கள், கேமரா இல்லாமல். நடந்துகொண்டிருந்த பொது வேலையை நிறுத்தாதீர்கள். நாலு பேர்தான் வருகிறார்கள் என்றாலும் அந்த நாலு பேரோடு குறித்த நாளில் தொடருங்கள். கணக்கு நோட்டின் அந்த மாதத்துப் பக்கமும் வழக்கம்போலவே பலகைக்கு வர வேண்டும்.